சுவர் காயும் காலம்

2019ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான், தற்செயலாகத் தலை நிமிர்ந்தபோது, ஜன்னலுக்குக் கீழே, மூன்று மாதங்களுக்கு முன்புதான் அடித்து முடித்த சந்தன நிற எமல்ஷனில், காலணா அளவிலிருந்து உள்ளங்கை அகலம் வரையில் கொப்புளங்கள் கிளம்பியிருப்பதைக் கண்டேன். எழுந்துபோய், அவற்றுள் பெரியதாக இருந்த ஒன்றை விரல் நகத்தால் மெல்லக் கீறினேன். புழுங்கிய மண்வாசனையோடு இரண்டு சொட்டு நீர் வழிந்தது. தோல் மாதிரி உரிந்து வந்த வர்ணத்துக்குப் பின்னால், என் பாட்டி காலத்துச் சுண்ணாம்பு, அதில் அவள் கலந்த நீலத்தின் மங்கிய சாயல்கூட மறையாமல், ஈரமாக இருந்தது. வீட்டுக்கு வெளிப்புறம் வர்ணம் பூச எந்தப் பருவம் உகந்தது என்ற விஷயத்தை நான் சிரத்தையோடு யோசிக்கத் தொடங்கியது அந்தக் கணத்தில்தான்.

வீடு மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. முன்கட்டு என் பாட்டனார் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் தவிர வேறொன்றும் அறியாதது. பின்கட்டு என் தகப்பனார் பிற்பாடு சேர்த்த சிமெண்டுக் கட்டடம். 2018ஆம் வருஷம் ஆவணியில் என் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது, ஐப்பசியில் தலைதீபாவளி. மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும் முதன்முதலாக வந்து தங்கப்போகிற வீடு, பாசியும் கறையுமாக நிற்கலாமா என்ற ஆதங்கத்தில், புரட்டாசிக் கடைசியில் சாரம் கட்டிவிட வேண்டுமென்று தீர்மானித்து, எங்கள் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறையாக வெள்ளையடித்துக் கொடுத்து வருகிற, எழுபதை நெருங்கிய பெரியவருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, முன்சுவரில் புறங்கையை வைத்து அழுத்திக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

“தம்பி, செவுரு இன்னும் தண்ணி குடிச்சுக்கிட்டுதான் இருக்கு. இப்ப வேணாம். பங்குனிக்கு விடுங்க, நான் வந்து அடிச்சுத் தர்றேன்.”

“தலைதீபாவளிண்ணே. பங்குனி வரைக்கும் எப்படிப் பொறுக்கிறது?”

“அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வேறு இடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே வெயில் எட்டிப் பார்த்த நேரங்களிலெல்லாம் வேலை நடந்தது. பழைய சுண்ணாம்பைச் சுரண்டியும் சுரண்டாமலும், பட்டி பார்த்தும் பாராமலும், நவம்பர் 6ஆம் தேதித் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகச் சாரத்தைப் பிரித்தார்கள். அன்று வீடு அழகாகத்தான் இருந்தது. பத்தே நாளில், நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன், கஜா புயல் வேதாரண்யத்தையும் நாகப்பட்டினத்தையும் ஒட்டிக் கரையேறி எங்கள் ஊர் வழியாகப் போயிற்று. தென்னந்தோப்புகள் முழுமுழுத் தோப்புகளாகச் சாய்ந்து, ஓடும் கூரையும் இழந்து ஜனங்கள் தவித்த அந்த நாள்களில், சுவரின் வர்ணத்தைப் பற்றி யாரும் பேசவுமில்லை, பேசத் தகுந்த நேரமுமில்லை. பேச்சு மாசியில்தான் வந்தது, கொப்புளங்களோடு.

புயலின்மீது பழியைப் போட்டுவிடுவது எளிது. ஆனால் சுவரைச் சுரண்டிப் பார்த்தபோது, புயல் நேரே மோதாத மறைவான இடங்களிலும் கொப்புளங்கள் இருந்தன. பெரியவர் புறங்கையால் கண்டது உண்மை: வர்ணம் ஏறுவதற்கு முன்பே ஈரம் உள்ளே இருந்தது, வர்ணம் அதற்குக் கதவைச் சாத்திவிட்டது. மாரி முடிந்து வெயில் ஏறியதும், உள்ளே அகப்பட்ட நீர் ஆவியாகி வெளியே வர வழி தேடியது. வழி இல்லாத இடத்தில் வர்ணத்தைத் தள்ளிக்கொண்டு எழும்பியது.

இதைப் புரிந்துகொள்வதற்கு, நம் முன்னோர்கள் ஏன் மார்கழியில் வெள்ளையடித்தார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஏனென்றால், ‘பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுதானே சம்பிரதாயம், அவர்கள் அறியாதவர்களா?’ என்ற கேள்வி என்னிடம் பலர் கேட்டது. நானும் என்னையே கேட்டுக்கொண்டது.

என் சிறுவயதில், மார்கழி பாதி கழிந்ததும், கொல்லையில் பெரிய மண்தொட்டி ஒன்றைக் கழுவி வைப்பார்கள். கடற்கரைப் பக்கத்துக் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டெடுத்த சுண்ணாம்பு மூட்டையாக வந்து இறங்கும். அதைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றியவுடன், அடுப்பே இல்லாமல் அது கொதிக்கும், சீறும், வெடித்துப் பொடியாகும், பக்கத்தில் குழந்தைகளை விடமாட்டார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அது ஆறிக் குழைந்து, வெண்ணெய் போல் ஆனபின், பழைய வேட்டியில் வடிகட்டி, ஒரு கைப்பிடி உப்பும், வடிகஞ்சியும், பாட்டி தன் கையாலேயே கரைத்து ஊற்றுகிற நீலமும் சேர்ப்பார்கள். அடிப்பதற்கு முன் சுவரில் தண்ணீர் தெளிப்பார்கள். இதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்: அவர்கள் சுவரைக் காயவைக்கவில்லை, நனைத்தார்கள். மட்டையால் ஒரு கை இழுத்தால் ஒன்றும் அடித்ததாகவே தெரியாது. ஈரத்தில் சுண்ணாம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், சுவர் தானாக வெளுத்துக்கொண்டே வரும். அந்த வெளுப்பைக் காண்பதற்காகவே, பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த நாள்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

சுண்ணாம்பு காய்ந்து ஒட்டுகிற பொருள் அல்ல. மெல்ல மெல்லக் கல்லாக மாறுகிற பொருள். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுடும்போது அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறுகிறது. நீரில் நீறிய பிறகு, சுவரில் பூசப்பட்ட அந்தச் சுண்ணாம்பு, இழந்த வாயுவைக் காற்றிலிருந்து திரும்பப் பெற்று, மறுபடியும் கல்லாகிவிடுகிறது. அந்தக் காரியம் நடப்பதற்குக் கொஞ்சம் ஈரப்பசை அவசியம். சித்திரை வெயிலில் அடித்த சுண்ணாம்பு, கல்லாவதற்கு முன்பே உலர்ந்து பொடியாகி, சாய்ந்து உட்காருகிறவர்களின் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். மார்கழியின் குளிர்ச்சியும், பனியும், இளவெயிலும் அதற்குத் தாய்மடி. மேலும், மழைக்காலத்தில் சுவரில் படர்ந்த பாசியையும் பூஞ்சணத்தையும் சுண்ணாம்பின் காரம் கொன்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது சுவரை மூடுவதில்லை; உள்ளிருக்கும் ஈரம் அதன் வழியாகவே மூச்சுவிட்டு வெளியேறும். ஆகவே, ஐப்பசி கார்த்திகையில் நனைந்த சுவருக்கு மார்கழியில் சுண்ணாம்பு அடித்த நம் பெரியோர்கள், சாஸ்திரம் பேசாமல் சாஸ்திரப்படி நடந்தார்கள் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

பிறகு பொருள் மாறியது. சுண்ணாம்பின் இடத்துக்குச் சிமெண்டுப் பெயிண்டும், அதன் இடத்துக்கு எமல்ஷனும் வந்தன. நாள் மட்டும் மாறவில்லை. சுண்ணாம்புக்கு உகந்த மாதத்தில், சுண்ணாம்புக்கு நேர்விரோதமான சுபாவமுள்ள ஒன்றை நாம் பூசிக்கொண்டிருக்கிறோம். போதாக்குறைக்கு, மழை நடுவே வருகிற தீபாவளியையும் அதனோடு சேர்த்துக்கொண்டுவிட்டோம்.

எமல்ஷன் என்பது என்ன? கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் நீரில் மிதக்கின்றன. நீர் வெளியேற வெளியேற, துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி, நெருக்கி, கடைசியில் ஒன்றோடொன்று கலந்து ஒரே தோலாகின்றன. அந்தத் தோல் ஒழுங்காக அமைவதற்கு நீர் அதிவேகமாகவும் போகக்கூடாது, போகாமலும் நிற்கக்கூடாது. சுமார் 10 டிகிரி முதல் 35 டிகிரி வரையிலான உஷ்ணமும், காற்றில் 85 சதவீதத்துக்குக் குறைந்த ஈரப்பதமும் அதற்கு ஏற்றவை என்பது பொதுவான விதி. சுவர் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தால், நீர் நிமிஷத்தில் பறந்துவிட, துகள்கள் சேராமலே உலர்ந்துபோகும். மட்டை இழுத்த கோடுகள் அப்படியே நிற்கும். பனி பெய்தால், சேர்ந்துகொண்டிருக்கிற தோலுக்குள் நீர் புகுந்து, அதிலுள்ள சோப்பு போன்ற பொருளைக் கரைத்துக்கொண்டு, பழுப்புத் தாரைகளாக வழியும். இருண்ட நிறங்களில் இந்தத் தாரை நன்றாகவே தெரியும்.

இனி மாதங்களுக்கு வருவோம். தமிழகத்தின் ஒரு வருஷ மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. எங்களைப் போன்ற கடலோர மாவட்டங்களில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். ஆகையால் ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. மார்கழியில் மழை ஓய்ந்துவிட்டதாகத் தோன்றும். வானம் ஓயும், சுவர் ஓயாது. ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் மூன்று மாதம் குடித்த நீரைப் பதினைந்து நாளில் கக்கிவிடாது. தை பிறந்தபின் வெயில் வருகிறதே என்றால், கூடவே பனியும் வருகிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் ஊரில் சும்மா சொல்லவில்லை. அந்தப் பனியில், காலை ஒன்பது மணிக்குமுன் சுவரைத் தொட்டால் விரல் நனையும். சாயங்காலம் நான்கு மணிக்கு அடித்தது, உலர்வதற்குமுன் மறுபடி நனையும். தவிர, டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தை மாசியில் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரம் எதிர் வயலில் இறங்கினால், கிளம்புகிற தூசியும் சுணையும் காற்றில் மிதந்துவந்து புது வர்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்கவும் முடியாது, கழுவவும் முடியாது.

மாசியின் பிற்பாதியிலிருந்து பங்குனி முடியும் வரையிலான அந்த ஆறு வாரந்தான் கீழ்த்தஞ்சையிலும் கடலோரத்திலும் தகுந்த காலமென்று நான் கருதுகிறேன். பனி விலகியிருக்கும், களம் ஓய்ந்திருக்கும், சுவர் உள்ளூர உலர்ந்திருக்கும், வெயில் இன்னும் கொடுமை காட்டத் தொடங்கியிராது. சித்திரை முற்பாதியிலும் ஜாக்கிரதையாகச் செய்யலாம். மே மாத முதல் வாரத்தில் அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால், வேலை செய்கிறவர்களின் உடம்பை உத்தேசித்தாவது நிறுத்திவிட வேண்டும். இரும்புச் சாரத்தைக் கையால் தொட முடியாத வேளையில் ஒரு மனிதரை இரண்டாம் மாடி உயரத்தில் நிறுத்தி வைப்பது தர்மமல்ல. ஆனி ஆடியில் சுவர் உலர்ந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் காற்று மண்ணை வாரி இறைக்கும். கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்தாருக்கும் தென்காசிக்காரர்களுக்கும் அந்த மாதங்களில் தென்மேற்குச் சாரல் வேறு. கன்னியாகுமரி மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. அவர்களுக்கும் மாசி பங்குனியே மேலானது.

மழைக்குமுன் அடித்தால்தானே சுவருக்குப் பாதுகாப்பு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. மழைக்குமுன் அவசியம் செய்ய வேண்டியது, மொட்டைமாடித் தளத்தையும், கைப்பிடிச்சுவரின் தலைப்பையும், ஜன்னல் மேல் சன்ஷேடு சுவரோடு சேருகிற மூலையையும் பார்த்து, விரிசல்களை அடைப்பதுதான். சுவருக்குள் நீர் புகுவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில். பரப்பின் வழியாகப் புகுவது குறைவு. ஆவணிக்குள் அதை முடித்துவிட்டு, வர்ணத்தைப் பங்குனிக்கு வைத்துக்கொண்டால் இரண்டு காரியமும் க்ஷேமமாக நடக்கும்.

மாதம் சரியாக வந்துவிட்டாலும் சுவர் உலர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியவரின் புறங்கை எல்லோருக்கும் வாய்க்காது. ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுதும் விட்டுவிட்டுப் பிரித்துப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் தயாராகவில்லை. ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்திலும், குளியலறைக்கு வெளிச்சுவரிலும், வடக்குச் சுவரிலும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

வடக்குச் சுவரைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புரட்டாசி முதல் பங்குனி வரையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறான். அந்த ஆறு மாதமும் வடக்குச் சுவரில் ஒரு கீற்று வெயில்கூட நேரே விழுவதில்லை. மழை பெய்ததும் அந்தக் காலத்தில், பனி பெய்ததும் அந்தக் காலத்தில். மார்ச் 21ஐ ஒட்டிச் சூரியன் நேர்கிழக்கில் உதித்த பிறகு, காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக வெயில் அதைத் தொடுகிறது. எங்கள் ஊரில், சித்திரை பிறந்து சில நாள்களில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து, பின்னர் வடக்கே நகர்ந்தால்தான், நாளெல்லாம் வெயில் காண்கிறது. எங்கள் வடக்குச் சுவரின் பாசிக்கு நான் எத்தனையோ மருந்து தேடினேன். அதற்கு வேண்டியிருந்தது ஒரு மாதத் தாமதந்தான். மற்ற மூன்று பக்கமும் பங்குனியில் முடித்து, வடக்கைச் சித்திரை முதல் வாரத்துக்கு விட்டுவைத்தோம். அன்றாட வேலையிலும் இதே கணக்குத்தான்: பனி உலர்ந்தபின் முதலில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்குச் சுவர், வெயில் விலகிய சுவரில் கை வைக்க வேண்டும், வெயிலோடு போட்டி போடக்கூடாது.

புதிதாகப் பூசிய சிமெண்டுக்கு விதி வேறு. எங்கள் பின்கட்டில் ஒரு ஜன்னலை மாற்றிச் சுற்றிலும் பூசிய இடம், பதினைந்து நாள்கூட ஆகாமல் வர்ணம் கண்டது. அங்கே கொப்புளம் வரவில்லை, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. சிமெண்டுப் பூச்சு இறுகுவதற்கே 28 நாள் வேண்டும். அதன் காரம் தணிந்து ஈரம் போக, இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் நல்லது. பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது பெரும்பாலோர் செய்கிற தவறு. கரைந்த உப்பு சுவருக்குள்ளேயே திரும்பிப் போய், அடுத்த வெயிலில் மறுபடி வெளியே வரும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டிவிட்டு, ஈரம் வரும் வழியைத் தேட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில், ஒரே பெயிண்டர் நான்கு வீட்டை ஒப்புக்கொண்டு நாலு பக்கமும் ஓடுகிறார். அவர்மேல் குற்றமில்லை, ஊரே ஒரே நாளில் அழகாக வேண்டுமென்று நிர்ப்பந்திக்கிறது. பங்குனியிலோ அவருக்கு நேரமிருக்கிறது. சுரண்ட வேண்டிய இடத்தைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் ஒரு கை அடித்து, அது உலர ஒரு நாள் விட்டு, அதற்குப் பிறகு இரண்டு கை அடிக்கிற பொறுமை, நேரமுள்ள மனிதரிடந்தான் கிடைக்கும்.

2019 மாசியில், மறுபடி பெரியவரை அழைத்துக்கொண்டு வந்தேன். முன்கட்டு முழுவதும் எமல்ஷனைக் காரை தெரியுமட்டும் உரித்தெடுக்க ஒன்பது நாளாயிற்று. அவர் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். பூச்சு செங்கல்லை விட்டு விலகிய இடம் வந்தால் சத்தம் மாறும். அங்கே கரியால் ஒரு வட்டம் போடுவார். வட்டம் போட்ட இடங்களையெல்லாம் கொத்திவிட்டுச் சுண்ணாம்புக் காரையாலேயே பூசினோம். பிறகு பங்குனிக் கடைசி வரையில் அந்த வீடு, வர்ணமில்லாமல், அங்கங்கே செம்மண் நிறமும் சாம்பல் நிறமுமாக, வெயிலில் சும்மா நின்றது. தெருவில் போகிறவர்கள் விசாரிக்கத்தான் செய்தார்கள். பின்கட்டுக்குப் பங்குனியில் எமல்ஷன் அடித்தோம். முன்கட்டுக்கு எது என்று கேட்டபோது, “இது சுண்ணாம்புக்குப் பொறந்த செவுரு தம்பி” என்றார். அதை மார்கழி வரையில் காக்க வைத்தோம்.

அதுமுதல், எங்கள் வீட்டில் இரண்டு பருவம் அனுஷ்டிக்கப்படுகிறது. இப்போது மார்கழி பதினெட்டு. முந்தாநாள் நீற்றிய சுண்ணாம்பு கொல்லைத் தொட்டியில் ஆறிக்கொண்டிருக்கிறது. பெரியவருக்கு ஏணி ஏற முடியவில்லை. அவர் பேரன் ஏறுகிறான், அவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் எங்கே தண்ணீர் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் நீலப்பொட்டலத்தைப் பிரித்தபோது, உள்ளேயிருந்து என் தாயார் குரல் கொடுத்தார்: “நீலத்தை அள்ளிப் போட்டுடாதேடா. காஞ்சப்புறந்தான் தெரியும்.”